வீட்டில் பதிவுசெய்த பாட்டின் உரப்பை, மிருதங்கம் சாகாமல் கூட்டுவது எப்படி?

கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு அறையில் குரல், தம்புரா, வயலின், இரு பக்கமும் மைக் வைத்த மிருதங்கம் ஆகியவற்றைத் தனித்தனி டிராக்குகளாகப் பதிவுசெய்து ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மிக்ஸ் செய்திருக்கிறீர்கள். இணையத்தில் ஏற்றிவிட்டுக் கேட்டால் மற்ற பாடல்களைவிட உங்களுடையது மிகவும் தணிந்து ஒலிக்கிறது. எல்லாம் கலந்து வெளிவரும் மாஸ்டர் டிராக்கில், குறித்த அளவுக்கு மேல் ஒலி போகாமல் தடுக்கும் லிமிட்டரைப் போட்டுச் சத்தத்தை ஏற்றினால், மிருதங்கம் பலகையில் தட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. குரலின் ஏற்ற இறக்கமும் போய்விடுகிறது. மீட்டர் −20 லஃப்ஸ் (காது உணரும் உரப்பின் அளவு) என்றும், உச்சம் −0.3 டெசிபல் என்றும் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். யூடியூபுக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் தனித்தனிக் கோப்புகள் தயாரிக்க வேண்டுமா என்பது உங்களுடைய இரண்டாவது கேள்வி.

நீங்கள் கொடுத்த இரண்டு எண்களிலேயே முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. டிஜிட்டல் ஒலியில் 0 டெசிபல் என்பது கூரை. அதற்கு மேல் போக வழியில்லை. உங்கள் பாட்டின் உச்சம் அந்தக் கூரையை ஏறத்தாழத் தொட்டுக்கொண்டிருக்கிறது, ஆனால் காது உணரும் உரப்போ கூரைக்கு 20 டெசிபல் கீழே கிடக்கிறது. உச்சத்தை வைத்துக் காது உரப்பை எடைபோடுவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத்தில்) விழும் ஒரு சாப்பு (கணீரென்ற அடி), ஓரிரு மில்லி நொடிகளுக்கு மட்டும் மீட்டரின் முள்ளைக் கூரைவரை தூக்கிவிட்டு இறங்கிவிடும். மேல் ஷட்ஜத்தில் மூன்று நொடி நின்று பாடும் குரல் அந்த உயரத்தில் பாதிகூட எட்டாது. இருந்தும் கேட்பவருக்குக் குரல்தான் உரத்து ஒலிக்கும், ஏனென்றால் காது ஒலியைச் சற்று நேரம் சேர்த்துவைத்து அளக்கிறது. ஆகவே, கண நேரமே நிற்கும் சில அடிகள் மேலே உள்ள இடம் முழுவதையும் பிடித்துக்கொண்டு, பாட்டின் எஞ்சிய பகுதியை எழவிடாமல் அழுத்திவைத்திருக்கின்றன. அந்தச் சில அடிகளை அவை இருக்கும் டிராக்கிலேயே கையாள வேண்டும். எல்லாம் கலந்த பிறகு மாஸ்டரில் ஒரே ஒரு லிமிட்டரிடம் அந்த வேலையை விட்டால், அது சாப்பை அழுத்தும்போது அதே கணத்தில் ஒலிக்கும் குரலையும் வயலினையும் சேர்த்தே அழுத்தும். நீங்கள் கேட்ட அந்த உயிரற்ற ஒலி அப்படித்தான் உண்டாகிறது.

லஃப்ஸ் என்ற அளவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைக் கொஞ்சம் அறிந்துவைத்திருப்பது பயன்படும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வெளியிட்ட பி.எஸ்.1770 என்ற பரிந்துரையில் இந்த முறை வகுக்கப்பட்டது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் ஆர்128 என்ற பரிந்துரை மூலம் ஒலிபரப்புக்கு −23 லஃப்ஸ் என்று வரையறுத்தது. அளப்பதற்கு முன் ஒலி ஒரு வடிகட்டி வழியாகச் செல்கிறது. அது மிகத் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்து, மேல் அதிர்வெண்களைச் சில டெசிபல் உயர்த்தி, காது கேட்கும் விதத்துக்கு ஓரளவு நெருங்கி வருகிறது. 400 மில்லி நொடி நீளத் துண்டுகளாக அளப்பது கண நேர உரப்பு. 3 நொடிக்கு அளப்பது குறுநேர உரப்பு. பாட்டு முழுவதற்கும் சேர்த்து அளப்பதைத்தான் நீங்கள் −20 என்று குறிப்பிட்டீர்கள். இந்த அளவில் ஒரு படி கூடுவதும் ஒரு டெசிபல் கூடுவதும் ஒன்றே.

முழுப் பாட்டுக்குமான அளவில் ஒரு நுணுக்கம் உண்டு. கர்நாடக இசையைப் பதிவுசெய்பவர்கள் அதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மிகத் தணிந்த பகுதிகள் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. முதலில் −70-க்குக் கீழே உள்ளவை தள்ளப்படும்; பிறகு மீதியின் சராசரியைக் கண்டு, அந்தச் சராசரியைவிட 10 படி தாழ்ந்தவையும் தள்ளப்படும். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு நிமிட ஆலாபனை −28-இலும், நான்கு நிமிடக் கீர்த்தனை −14-இலும் இருப்பதாகக் கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் சராசரி ஏறத்தாழ −15. அதற்கு 10 கீழே, அதாவது −25-க்குக் கீழே உள்ளவை விலக்கப்படும். ஆலாபனை முழுவதும் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறது. மீட்டர் −14 என்றே காட்டும். எண் சரியாகவே இருக்கும். ஆனால் பேருந்தில் கைபேசியில் கேட்பவருக்கு முதல் ஒரு நிமிடம் ஒன்றுமே கேட்காது. அவர் சத்தத்தைக் கூட்டுவார், கீர்த்தனை தொடங்கும்போது திடுக்கிட்டுக் குறைப்பார். அந்த ஆலாபனையை ஐந்தாறு டெசிபல் உயர்த்திவைப்பது, உரத்த ஒலியைத் தானாகத் தணிக்கும் கம்ப்ரஸரின் வேலையே இல்லை. டிராக்கின் அளவை ஏற்றி இறக்கும் ஃபேடரை, அல்லது அந்த ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரையும் வால்யூம் என்வலப்பை மெதுவாக நகர்த்தினால் போதும்; குரலின் இயல்பு சிறிதும் கெடாது.

இனி, இணையத்தில் ஏற்றிய பிறகு உங்கள் பாட்டுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாடல்களையும் −14 லஃப்ஸ் அளவுக்குக் கொண்டுவர முயல்கிறது. −8-இல் நெருக்கி ஏற்றப்பட்ட திரைப்பாடல் 6 டெசிபல் குறைக்கப்படும். தணிந்த பாடலை உயர்த்தவும் செய்யும், ஆனால் உச்சத்துக்கு மேலே 1 டெசிபல் இடம் மிச்சமிருக்கும் வரையில்தான். −20 உரப்பும் −5 உச்சமும் உள்ள பாடலை 4 டெசிபல் உயர்த்தி −16 வரை கொண்டுவரும். உங்கள் உச்சம் −0.3 என்பதால் உயர்த்த இடமே இல்லை, −20-இலேயே விட்டுவிடும். யூடியூப் உரத்த பாடல்களைக் குறைக்கிறதே தவிர, தணிந்தவற்றை உயர்த்துவதில்லை. ஆகவே இரண்டு இடங்களிலும் உங்கள் பாட்டு அக்கம்பக்கத்துப் பாடல்களைவிட 6 டெசிபல் தாழ்ந்து நிற்கிறது. இது நன்றாகவே காதில் படும் இடைவெளி. அதே சமயம், இந்தக் கணக்கு உங்களுக்கு ஓர் ஆறுதலையும் தருகிறது: −8 வரை ஏற்றியவர்களுடன் நீங்கள் போட்டியிடத் தேவையில்லை, நீங்கள் கடக்க வேண்டிய தூரம் ஆறு டெசிபல்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பஜனைத் தொகுப்பை நான் மிக்ஸ் செய்தபோது, அந்தத் தூரத்தைக் கடக்க நீங்கள் செய்ததையேதான் நானும் செய்தேன். மாஸ்டரில் லிமிட்டரின் த்ரெஷோல்டை, அதாவது அது அழுத்தத் தொடங்கும் அளவை, இறக்கிக்கொண்டே போனேன். சத்தம் ஏற ஏற மகிழ்ச்சியாக இருந்தது. மிருதங்கம் வாசித்த வித்துவானிடம் அதைப் போட்டுக் காட்டினேன். அவர் ஒரு பாட்டை முழுவதும் கேட்டுவிட்டு, "இது யார் வாசிச்சது தம்பி?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தன் கையை அவரால் அடையாளம் காண முடியவில்லை. சாப்பின் கணீரென்ற முனையும், இடப்பக்கமான தொப்பியில், கையை அழுத்தி எழுப்பும் கும்கி வழுக்கி ஏறும் அசைவும், மெல்லிய அடிக்கும் அழுத்தமான அடிக்கும் இடையே அவர் ஐம்பது ஆண்டுகளாகப் பழகிவைத்திருந்த வித்தியாசமும் லிமிட்டரில் சமமாகிப் போயிருந்தன. அன்றிலிருந்து நான் மாஸ்டரைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு டிராக்காக உட்கார்ந்து பார்க்கிறேன்.

எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன். மாஸ்டரில் உள்ள எல்லா எஃபெக்டுகளையும் அணைத்துவிட்டு, மிருதங்கத்தின் வலந்தலை டிராக்கை மட்டும் சோலோ செய்து அலைவடிவத்தைப் பாருங்கள். ஆறு நிமிடப் பாட்டில் ஆயிரக்கணக்கான அடிகள் இருக்கும்; அவற்றில் கூட்டத்திலிருந்து எட்டிப் பார்க்கும் அடிகள் சில பத்துகளே இருக்கும். பெரும்பாலும் அவை கோர்வை என்ற தாளக்கோவையின் முடிவிலும், மும்முறை வாசித்து முடிக்கும் தீர்மானத்திலும், பாடகர் தாளத்தின் தொடக்கமான சமத்துக்கு வந்து சேரும் இடத்திலும் இருக்கும். இந்த அடிகளை ஒவ்வொன்றாகக் கையால் 2 முதல் 4 டெசிபல் வரை குறையுங்கள். ரீப்பரில் எஃபெக்டுகளுக்கு முன்னால் செயல்படும் வால்யூம் என்வலப் இதற்கென்றே இருக்கிறது. தீர்மானத்தின் கடைசி அடி அதன் முன்னுள்ள அடிகளைவிட உரத்தே இருக்க வேண்டும், அதை மற்றவற்றுக்குச் சமமாக்கிவிடாதீர்கள். கூரையைத் தொடுவதை மட்டும் தடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாத வேலை இது, ஆனால் மாஸ்டர் உச்சத்தில் மூன்று டெசிபல்வரை இடம் கிடைத்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். யாருடைய காதுக்கும் ஒரு மாற்றமும் தெரிவதில்லை.

தொப்பியையும் வலந்தலையையும் சேர்த்துக் கேட்பதும் அவசியம். ஒரே கணத்தில், ஒரே திசையில், சம உயரமுள்ள இரண்டு உச்சங்கள் சேர்ந்தால் 6 டெசிபல் ஏறும். இரண்டு பக்கமும் சேர்ந்து விழும் அடிகளில் இதுதான் நடக்கிறது. இரண்டு மைக்குகளில் ஒன்றின் ஃபேஸை (அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிப் பார்த்து, எந்த நிலையில் தொப்பியின் அடித்தொனி நிறைவாக ஒலிக்கிறதோ அந்த நிலையில் வையுங்கள். தவறான நிலையில் அடித்தொனி மெலிந்துபோகும்; அதை ஈடுகட்ட ஈகியூவில் (அதிர்வெண் வாரியாக அளவை மாற்றும் கருவியில்) ஏற்றுவீர்கள்; அந்த ஏற்றம் மறுபடியும் இடத்தைத் தின்னும்.

கையால் செய்ய வேண்டியதை முடித்த பிறகுதான் கம்ப்ரஸர் வர வேண்டும். அதன் கணக்கு எளிது. த்ரெஷோல்ட் −18, ரேஷியோ 3-க்கு 1 என்று வைத்து, −6-இல் ஓர் ஒலி வந்தால், அது த்ரெஷோல்டைத் தாண்டியது 12 டெசிபல். அதில் மூன்றில் ஒரு பங்கான 4 டெசிபல் மட்டும் வெளியே வரும். ஒலி −14-இல் நிற்கும். எட்டு டெசிபல் குறைந்திருக்கிறது. மிருதங்கத்துக்கு இது மிக அதிகம். உரத்த அடிகளில், அழுத்தும் அளவைக் காட்டும் முள் 3 டெசிபலுக்கு மேல் இறங்காதபடி த்ரெஷோல்டை ஏற்றிவையுங்கள்.

அடியின் உயிர் அட்டாக்கில், அதாவது கம்ப்ரஸர் அழுத்த எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் இருக்கிறது. அட்டாக்கை 1 மில்லி நொடி என்று வைத்தால் விரல் தோலைத் தொடும் முனையையே கம்ப்ரஸர் பிடித்துவிடும். நீங்கள் சொன்ன பலகை ஓசை அப்போதுதான் வருகிறது. 20 முதல் 30 மில்லி நொடி வைத்தால் முனை தப்பிப்போய், அதற்குப் பின் வரும் நாதம் மட்டும் சற்று அடங்கும். அடி இன்னும் தெளிவாகக் கேட்கும். ஆனால் அப்போது உச்சம் குறையாது. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்: உச்சத்தைக் குறைக்க ஒரு கருவி, நாதத்தின் அளவைச் சீராக்க இன்னொரு கருவி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். உச்சத்தைக் கையால் குறைத்தாகிவிட்டது. அதற்கும் மேல் தேவைப்பட்டால் அந்த டிராக்கில் மட்டும் ஒரு மென்மையான கிளிப்பரை வைத்து ஒன்றிரண்டு டெசிபல் சீவலாம். மில்லி நொடி நீளமுள்ள முனையில் அவ்வளவு சீவுவதைக் காது பெரும்பாலும் கவனிப்பதில்லை. அதே அளவைக் குரலில் சீவினால் உடனே கரகரப்பாகத் தெரியும்.

அழுத்தத்தைத் தளர்த்த எடுத்துக்கொள்ளும் நேரமான ரிலீஸை நடையோடு பொருத்திப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 என்ற காலப்பிரமாணத்தில் ஓர் அட்சரம் 750 மில்லி நொடி. அடுத்த முக்கியமான அடி வருவதற்குள் முள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் ஒலி மூச்சுவிடும். திரும்பாமல் பாதியிலேயே நின்றால் அடுத்தடுத்த அடிகள் ஒன்றைவிட ஒன்று மெலிந்துகொண்டே போகும். மறுபக்கம், மிகக் குறுகிய ரிலீஸும் தீங்குதான். 80 ஹெர்ட்ஸ் அதிர்வின் ஒரு சுற்று 12.5 மில்லி நொடி. அதைவிட வேகமாகக் கம்ப்ரஸர் ஏறி இறங்கினால், ஒவ்வொரு சுற்றின் வடிவத்தையே மாற்றித் தொப்பியின் ஒலியைக் கிழித்துவிடும். இன்னொன்று: மிருதங்கத்தின் இரு பக்கங்களையும் ஒரே குழுவில் சேர்த்துக் கம்ப்ரஸ் செய்வதானால், கம்ப்ரஸர் ஒலியைக் கணிக்கும் பாதையில் மட்டும் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ரீப்பரோடு வரும் ரியாகாம்ப்பில் இந்த வசதி இருக்கிறது. இல்லையென்றால் தொப்பியின் ஒவ்வொரு கும்கியும் வலந்தலையைக் கீழே இழுத்துக்கொண்டு போகும்.

குரலுக்கு வருவோம். மந்தர பஞ்சமத்தில் கிசுகிசுப்பதுபோல் பாடுவதும், தார ஸ்தாயியில் திறந்து பாடுவதும் ஒரே குரலில் மிகப் பெரிய அளவு வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. மைக்கிலிருந்து சற்று விலகிப் பாடும் பழக்கம் இல்லாதவர்களிடம் அது இன்னும் கூடும். இவ்வளவையும் ஒரே கம்ப்ரஸரிடம் கொடுத்தால், மேல் ஸ்தாயியில் அது 10 டெசிபல் அழுத்தும், கீழ் ஸ்தாயியில் சும்மா இருக்கும். குரலின் நிறமே ஸ்தாயிக்கு ஸ்தாயி மாறிவிடும். முதலில் சங்கதி சங்கதியாகக் கையால் அளவைச் சீர்செய்யுங்கள். சொல் சொல்லாக வேண்டாம், ஒரு மூச்சில் பாடிய துண்டு ஒன்றுக்கு ஒரு அளவு போதும். பிறகு இரண்டு கம்ப்ரஸர்களை வரிசையாக வைத்து, முதலாவது வேகமாக இயங்கி உச்சங்களில் 2 அல்லது 3 டெசிபலும், இரண்டாவது மெதுவாக இயங்கி மேலும் 2 டெசிபலும் எடுக்கும்படி அமையுங்கள். பழைய ஒலிக்கூடங்களில் 1967-இல் வந்த 1176 என்ற கம்ப்ரஸரையும், ஒளிவிளக்கின் மூலம் இயங்கும் எல்ஏ-2ஏ-வையும் இப்படித்தான் அடுத்தடுத்து இணைத்தார்கள். ஒன்று மைக்ரோ நொடிகளில் பாயும், மற்றொன்று நிதானமாகத் தழுவி இறங்கும். அந்தக் கருவிகள் உங்களிடம் இருக்க வேண்டியதில்லை, வேலைப் பகிர்வுதான் முக்கியம்.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் ஒரு கமகத்தை எடுத்துக்கொண்டு கூர்ந்து கேளுங்கள். தோடி ராகத்தின் காந்தாரம் அசையும்போது அதன் அளவும் சேர்ந்தே அசைகிறது. ரிலீஸ் 50 மில்லி நொடிபோல் குறுகியதாக இருந்தால், கம்ப்ரஸர் ஒவ்வொரு அசைவையும் துரத்திப் பிடித்து நிரவிவிடும்; ஸ்வரம் சரியாகவே இருக்கும், ஆனால் கமகம் மொட்டையாகத் தெரியும். 200 மில்லி நொடிக்கு மேலே ரிலீஸை வைத்தால் அசைவு அசைவாகவே நிற்கிறது. குரல் கம்ப்ரஸரில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த ஒரு குமிழ்தான்.

கம்ப்ரஸ் செய்த குரலை மறுபடி உயர்த்தும்போது மின்விசிறியும் சேர்ந்து உயர்கிறது. 6 டெசிபல் உயர்த்தினால் விசிறி ஓசையும் தெருவில் போகும் ஆட்டோவும் அதே 6 டெசிபல் ஏறும். ஆகையால் பதிவின்போதே விசிறியை அணைத்துவிட்டு, பாடுபவருக்குப் பின்னால் பஞ்சு மெத்தையை நிமிர்த்திவைத்துப் பதிவுசெய்வது, பின்னால் வாங்கும் எந்தப் பிளகினையும்விட அதிகப் பலன் தரும். பதிவின் அளவை ஏற்றிவைத்தால் ஒலி சுத்தமாகும் என்ற எண்ணம் நாடா காலத்தில் பொருந்தியது, இன்று பொருந்தாது. 24 பிட் பதிவில் ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் வீதம் கணக்களவில் 144 டெசிபல் இடம் இருக்கிறது. உச்சம் −12-ஐத் தாண்டாமல் பதிவுசெய்தால் இரண்டு பிட்டுகளைத்தான் விட்டுக்கொடுக்கிறீர்கள். உங்கள் அறையின் இரைச்சல் அதற்கு வெகு மேலே இருக்கிறது. பதிவிலேயே கூரையில் இடித்துச் சிதைந்த தார ஸ்தாயியை எதைக் கொண்டும் முழுமையாக மீட்க முடியாது.

காதுக்குக் கேட்காமல் இடத்தைத் தின்பவை தாழ்ந்த அதிர்வெண்கள். மைக் ஸ்டாண்டில் கால் படும் அதிர்வு, தாளம் போடும் கை தொடையில் விழும் முட்டல், 'ப', 'ப்ர' போன்ற எழுத்துகளில் வெடிக்கும் காற்று எல்லாம் குரல் டிராக்கில் கிடக்கும். எங்கே வெட்டலாம் என்பதைச் சுருதியே சொல்லிவிடும். ஒரு கட்டையில் பாடும் ஆண்குரலின் ஆதார ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். 75 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் எந்த ஸ்வரமும் பாதிக்கப்படாது. ஐந்து கட்டையில் பாடும் பெண்குரலின் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் 147 ஹெர்ட்ஸ். அங்கே 100 வரை வெட்டலாம். தம்புராவிலும் அப்படியே அதன் மந்தர ஷட்ஜத்துக்குக் கீழே வெட்டுங்கள். தம்புரா இடைவிடாமல் ஒலிப்பதால் அதை ஒரு டெசிபல் கூட்டினாலும் பாட்டு முழுவதும் மூடிக்கொண்டதுபோல் ஆகும். வயலினுக்குக் கம்ப்ரஸர் பெரும்பாலும் வேண்டியதில்லை. குரல் பாடும்போது 2 டெசிபல் இறக்கி, குரல் விட்ட இடத்தை வயலின் நிரப்பும்போது ஏற்றிவிட்டால், பக்கவாத்தியக்காரர் மேடையில் தானே செய்வதைத்தான் நீங்கள் செய்கிறீர்கள்.

இவ்வளவையும் முடித்த பிறகு மாஸ்டருக்கு வாருங்கள். உரப்பு இன்னும் −20 அருகிலேயே இருக்கும், ஆனால் உச்சம் −4 அல்லது −5-க்கு இறங்கியிருக்கும். லிமிட்டரின் கூரையை −1-இல் வைத்து, 6 டெசிபல் உயர்த்துங்கள். அந்த ஆறில் மூன்று அல்லது நான்கு டெசிபல் வெறும் ஏற்றம்தான், எதையும் அழுத்தாது. லிமிட்டர் உண்மையாக வேலை செய்வது எஞ்சிய இரண்டு மூன்று டெசிபலில், அதுவும் ஒரு சில அடிகளில் மட்டும். முன்பு இதே தூரத்தைக் கடக்க அது ஒவ்வொரு சாப்பிலும் 6 டெசிபலுக்கு மேல் அழுத்த வேண்டியிருந்தது. லிமிட்டரின் முள் 3 டெசிபலைத் தாண்டி அடிக்கடி இறங்கினால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். எந்த டிராக் அதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்து அங்கே திரும்பிப் போங்கள்.

கூரையை ஏன் −0.1-இல் வைக்காமல் −1-இல் வைக்கச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. டிஜிட்டல் கோப்பில் இருப்பவை புள்ளிகள். ஒலிபெருக்கியில் வெளிவருவது அந்தப் புள்ளிகளை இணைக்கும் தொடர் அலை. அலையின் உண்மையான உச்சம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அமைந்துவிடலாம். மாதிரி எடுக்கும் வேகத்தின் நான்கில் ஒரு பங்கு அதிர்வெண்ணுள்ள ஒரு சைன் அலையில், புள்ளிகள் ஒவ்வொன்றும் 45 பாகையில் விழுந்தால், உண்மை உச்சம் புள்ளிகள் காட்டுவதைவிட 3 டெசிபல் அதிகமாக இருக்கும். ட்ரூ பீக் மீட்டர் இதைத்தான் கணித்துக் காட்டுகிறது. மேலும், சேவைகள் உங்கள் கோப்பைச் சுருக்கி மறு வடிவத்துக்கு மாற்றும்போது உச்சங்கள் இன்னும் கொஞ்சம் ஏறும். ஸ்பாட்டிஃபையே −1-ஐப் பரிந்துரைக்கிறது. −14-ஐவிட உரத்த கோப்பானால் −2 வரை இறங்கச் சொல்கிறது. ரீப்பரோடு வரும் ரியாலிமிட்டில் ட்ரூ பீக் வசதி இருக்கிறது. அளப்பதற்கு யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பு போதுமானது.

ஒவ்வொரு படியிலும் கேட்டு முடிவெடுக்கும்போது ஒரு கண்டிப்பு வேண்டும்: முன்பும் பின்பும் ஒரே உரப்பில் கேளுங்கள். ஒரு டெசிபல் உரத்திருந்தாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். லிமிட்டர் 6 டெசிபல் ஏற்றியிருந்தால், கேட்கும் ஒலிபெருக்கியின் குமிழை 6 டெசிபல் இறக்கிவைத்து ஒப்பிடுங்கள். அப்போதுதான் சாப்பு செத்ததா, பிழைத்ததா என்பது தெரியும். குமிழின் ஓர் இடத்தில் சிறு டேப்பை ஒட்டி, மிக்ஸ் செய்யும்போதெல்லாம் அதே இடத்தில் வைப்பதும் நல்லது. காதின் தன்மை சத்தத்தோடு மாறுகிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டினார்கள்: தணிந்த சத்தத்தில் தாழ்ந்த அதிர்வெண்கள் குறைவாகக் கேட்கும், சத்தம் ஏற ஏற அவை நிறையும். இரவில் மெதுவாக வைத்து மிக்ஸ் செய்தவர் தொப்பியை அளவுக்கு மீறிக் கூட்டிவிடுவது இதனால்தான். சிறிய அறையில் 73 முதல் 76 டெசிபல் வரையிலான அளவு வசதியானது. கைபேசியில் உள்ள ஒலி அளக்கும் செயலி ஓரளவுக்குச் சரியாகவே காட்டும். காதையும் அந்த அளவு நெடுநேரம் காப்பாற்றும். இறுதியாகக் கைபேசியின் ஒலிபெருக்கியிலும் கேளுங்கள். அதில் தொப்பியின் அடித்தொனி கிட்டத்தட்ட வராது. தாளம் அப்போதும் புரிகிறதா என்பதுதான் சோதனை. புரியவில்லை என்றால், தொப்பியின் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சற்று உயர்த்துங்கள்.

−14-ஐத் தொட்டே தீர வேண்டுமா என்றால், வேண்டாம். அது சேவைகள் ஒலிபரப்பும் அளவு. இசைக்கு யாரும் விதித்த இலக்கு அன்று. குரலும் தம்புராவும் மட்டும் உள்ள விருத்தம் −17-இல் நின்றால், அதை விட்டுவிடுவதே என் பரிந்துரை. அதன் உச்சத்தைத் தாழ்வாக விட்டுவைத்தால் ஸ்பாட்டிஃபை அதைத் தானே சற்று உயர்த்தவும் செய்யும். மிருதங்கம் முழுமையாக வாசிக்கும் கீர்த்தனைக்கு −15-க்கும் −14-க்கும் இடையே வருவது, மேலே சொன்ன முறையில் பெரிய சேதமின்றிச் சாத்தியப்படும். ஆப்பிள் மியூசிக்கில் உரப்பைச் சமன்செய்யும் சவுண்ட் செக் வசதி இயங்கும்போது −16 என்பது அளவு. அங்கே உங்கள் பாட்டு சற்றுக் குறைக்கப்படும், வேறொன்றும் ஆகாது. கோப்பாக நேரடியாக அனுப்பிக் கேட்கும்போது மட்டும் யாரும் சமன்செய்வதில்லை. அங்கே −8 திரைப்பாடலுக்குப் பக்கத்தில் உங்களுடையது தணிந்துதான் ஒலிக்கும். கேட்பவர் சத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம், அழிந்துபோன சாப்பை அவரால் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை: தனித்தனிக் கோப்புகள் தேவையில்லை. −14-க்கும் −16-க்கும் இடையே, ட்ரூ பீக் −1-ஐத் தாண்டாத ஒரே 24 பிட் வேவ் கோப்பை எல்லா இடங்களுக்கும் கொடுக்கலாம். விநியோகிப்பவர் 16 பிட் கேட்டால், கடைசி ஏற்றுமதியில் மட்டும் டிதர் (பிட் குறைப்பின் சிதைவை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) சேர்த்துக் கொடுங்கள். பல பாடல்களைத் தொகுப்பாக வெளியிடுவதானால் ஒவ்வொன்றையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவராதீர்கள். விருத்தம் கீர்த்தனையைவிடத் தணிந்தே இருக்கட்டும். தொகுப்பாக வரிசையில் கேட்கும்போது ஸ்பாட்டிஃபை பாடல்களுக்கு இடையிலுள்ள அந்த வித்தியாசத்தை மாற்றாமல் விடுகிறது. லிமிட்டர் போடாத மிக்ஸையும் ஒரு 24 பிட் கோப்பாகத் தனியே எடுத்துவையுங்கள். இந்த அளவுகள் நாளை மாறினாலும், வேறொருவரிடம் மாஸ்டரிங் கொடுக்க நேர்ந்தாலும், உங்களுக்குத் தேவைப்படப்போவது அந்தக் கோப்புதான்.